சார்ஜ் லிஸ்ட் இல்லாத இடமாற்றம்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். இடமாற்ற உத்தரவு வந்தவுடன் ஓர் எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்து போய்விட முடியாது. தன் பொறுப்பில் உள்ள ஃபைல்கள் எத்தனை, எது எந்த ரேக்கில் இருக்கிறது, எது அதிகாரியின் மேசைக்குப் போயிருக்கிறது, எது நிலுவை, எது முடிந்தது, எந்தச் சாவி எந்த பீரோவுக்கு என்றெல்லாம் எழுதி, போகிறவரும் வருகிறவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் சார்ஜ் லிஸ்ட். ஆள் மாறாமல் பீரோ மட்டும் மாறினாலும்கூட, பழைய ரேக்கின் மூன்றாம் தட்டில் இருந்தது புதிய பீரோவில் எங்கே போயிற்று என்று ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வைப்போம்.

கணினி மென்பொருள் தயாரிப்பவர்களுக்கும் இந்தக் கடமை உண்டு என்பது என் கட்சி. குறிப்பாக, நம் படங்களையும் பத்திரங்களையும் அடுக்கி வைக்கிற மென்பொருளை மாற்றி அமைக்கும்போது உண்டு. மற்ற மென்பொருளில் ஒரு பொத்தான் இடம் மாறினால் கொஞ்ச நேரம் தேடுவோம், கிடைத்துவிடும். அடுக்கி வைக்கிற மென்பொருளில் இடம் மாறினால், நம் நினைவிலே கை வைத்தது போல் ஆகிறது.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாகப் படிக்க வந்தவர்கள் கேட்கலாம். ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக போட்டோஷாப் கற்றுக்கொண்டேன். முதலில் எங்கள் வீட்டுப் பழைய படங்களை ஸ்கேன் செய்து, கறை நீக்கி, கிழிசலைச் சேர்த்துப் பார்த்தேன். பிறகு உறவினர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு தெருவில் உள்ளவர்கள். சங்கத்தின் ஆண்டு மலருக்கு அட்டை, திருமணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி அட்டை என்று வேலை விரிந்தது. காசு வாங்குவதில்லை. இன்று என்னிடம் ஏறத்தாழ 6,000 படங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டுப் படங்கள் இல்லை.

இந்த 6,000 படங்களில் ஒன்றை அவசரமாகத் தேட வேண்டிய சந்தர்ப்பம் எப்போது வரும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்கு போன் வரும். "மாமா, அப்பா தவறிட்டார். நல்ல படமா ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொல்றாங்க." விடிவதற்குள் படம் வேண்டும். பிளெக்ஸ் கடைக்காரர் காலை ஆறு மணிக்குத் திறப்பார். அந்த நேரத்தில் எந்தப் பொத்தான் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

படங்களைத் தேடவும் அடுக்கவும் நான் பயன்படுத்துவது அடோபி பிரிட்ஜ். இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2002-இல் வந்த போட்டோஷாப் 7-க்குள் ஃபைல் பிரவுசர் என்று ஒரு பகுதி இருந்தது. ஒரு ஃபோல்டரில் உள்ள படங்களைச் சிறு சிறு உருவமாகக் காட்டும். 2005-இல் அதைத் தனியே பிரித்து, பிரிட்ஜ் என்ற பெயரில் தனி மென்பொருளாக ஆக்கினார்கள். 2008-இல் வந்த பதிப்பில், பல படங்களை ஒரே தாளில் சிறிது சிறிதாக அச்சடிக்கும் பிடிஎஃப் வசதி சேர்ந்தது. 2013 பதிப்பில் அது உள்ளே இல்லாமல் போயிற்று. பின்னால் வந்த ஒரு பதிப்பில் மறுபடி வந்தது. 2022 அக்டோபரில் வெளியான 2023 பதிப்பில் முகப்புத் தோற்றத்தையே புதிதாக வடிவமைத்தார்கள். பெயர் அதே பெயர்தான். உள்ளே நுழைந்தால் வெள்ளையடித்து, மேசைகளை மாற்றிப் போட்ட அலுவலகம் மாதிரி இருந்தது.

இந்த மாற்றத்துக்குப் பழகியதைப் பற்றிச் சொல்வதற்கு முன், ஃபைல் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன்; பிறகு ஆங்கிலத்தில் ஃபைல் எழுதிப் பிழைத்தவன். நம் அலுவலகத்தில் ஃபைல் என்றால் அட்டைக்குள் டேக் கயிறு போட்டுக் கோத்த பல தாள்கள். கணினியில் ஃபைல் என்றால் ஒரே ஒரு கடிதம், அல்லது ஒரே ஒரு படம். நம் ஃபைலுக்குக் கணினியில் ஃபோல்டர் என்று பெயர். எழுத்தர் வேலை பார்த்த எங்கள் தலைமுறை ஆரம்பத்தில் கணினியிடம் தடுமாறியதற்கு இந்த ஒரு சொல்லும் காரணம். பிரெஞ்சில் இந்தக் குழப்பம் இல்லை. கணினி ஃபைலுக்கு ஃபிஷியே, ஃபோல்டருக்கு தோசியே. தோசியே என்றால் நம் ஊர் ஆள்களுக்கு இன்றைக்கும் அட்டை போட்ட கட்டுதான் மனத்தில் வரும். அதே மொழியில் கிளாசே என்று ஒரு வினைச்சொல் உண்டு. வகைப்படுத்தி அடுக்குவதற்கும் அதுதான், ஒரு விவகாரத்தை முடித்து மூடுவதற்கும் அதுதான். தாள் அதற்குரிய இடத்தில் போய்ச் சேர்ந்தால்தான் விவகாரம் முடிந்தது என்று அந்த மொழி சொல்வதாக எனக்குத் தோன்றும்.

இனி, பழகிய கதை. புதிய பதிப்பு வந்ததும் நான் செய்த முதல் வேலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியது. நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் "பழைய இடம்", வலப்பக்கம் "புதிய இடம்" என்று எழுதினேன். நான் தினமும் பயன்படுத்துகிற வேலைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் பதினான்குதான். மென்பொருளில் நூற்றுக்கணக்கில் கட்டளைகள் இருக்கலாம். நமக்கு வேண்டியது பதினான்கு. ஒரு நாளைக்கு இரண்டு வீதம் தேடி வலப்பக்கத்தில் எழுதினேன். ஒரு வாரத்தில் நோட்டு நிறைந்தது. அடுத்த வாரம் நோட்டைப் பார்க்காமல் வேலை நடந்தது.

இரண்டாவது, பலகைகளை என் வசதிக்கு அடுக்கிக்கொண்டேன். ஃபோல்டர் பட்டியல் இடப்பக்கம், படங்கள் நடுவில், படத்தின் விவரம் எழுதுகிற பலகை வலப்பக்கம். இப்படி அடுக்கியதை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து வைக்கலாம். ஒர்க்ஸ்பேஸ் என்பார்கள். பலகை தவறிப்போய் மூடிக்கொண்டாலும் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் நம் மேசை நாம் வைத்த மாதிரி திரும்பி வந்துவிடும்.

மூன்றாவது, மெனுவை விட்டுவிட்டு விசைகளைக் கற்றுக்கொண்டேன். கன்ட்ரோலோடு எஃப் தட்டினால் தேடுதல். கன்ட்ரோலோடு 1 முதல் 5 வரை தட்டினால் படத்துக்கு நட்சத்திரம். 6 முதல் 9 வரை தட்டினால் வண்ணச் சீட்டு. பொத்தான்களின் இடம் மாறுகிற அளவுக்கு இந்த விசைகள் மாறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் அழகுபடுத்த வருவதில்லை போலும்.

நட்சத்திரங்களுக்கு நான் அலுவலகக் கணக்கே வைத்திருக்கிறேன். முடிந்த ஃபைலில், நிரந்தரமாக வைக்க வேண்டியது, இத்தனை ஆண்டு வைத்துக் கழிக்க வேண்டியது என்று பிரிப்போம் அல்லவா? ஐந்து நட்சத்திரம் நிரந்தரம். மூன்று என்றால் மறுபடி பார்த்து முடிவெடுக்க வேண்டியது. ஒன்று என்றால் இடம் போதாதபோது கழிக்கலாம். டெக்னிகலாக நல்ல படமா என்பது கணக்கில் இல்லை. மங்கலான படமாக இருந்தாலும், ஒருவருக்கு இருக்கிற ஒரே படம் அதுதான் என்றால் ஐந்து.

இவ்வளவு சுலபமாகப் பழகிவிட்டதற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முகப்பு மாறினாலும் என் படங்களின் ஒழுங்கு மாறவில்லை. ஏனென்றால் ஒழுங்கை நான் பீரோவில் வைத்திருக்கவில்லை, தாளிலேயே எழுதி வைத்திருந்தேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். அதற்கு நம் ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது.

எத்தா சிவில் பதிவேட்டை நம்மில் பலர் பார்த்திருப்போம். பிறப்பு, திருமணம், இறப்பு ஒவ்வொன்றும் அந்தந்த ஆண்டுப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் அகலமான ஓரம் விட்டிருப்பார்கள். பிறந்தவருக்குப் பின்னாளில் திருமணம் நடந்தால், அந்தச் செய்தியைப் பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே எழுத வேண்டும் என்று பிரான்சில் 1897-இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த ஓரக்குறிப்பின் பயனைப் பாருங்கள். திருமணச் செய்தியைத் தனி அட்டவணையில் மட்டும் எழுதி வைத்தால், அட்டவணை தொலைந்த அன்று தொடர்பு அறுந்துவிடும். பதிவின் ஓரத்திலேயே எழுதினால், பதிவேடு எந்த அறைக்குப் போனாலும், எந்த நாட்டுக்குப் போனாலும் குறிப்பும் கூடவே போகும்.

போகவும் போயிற்று. குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு ஒரு படி எடுத்து பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776-இல் அரச ஆணை பிறந்தது. அப்படிப் போன பழைய பதிவுகள் இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அண்மைக் காலத்துப் பதிவுகளுக்கு நாந்துக்கு எழுதிக் கேட்டு வாங்கிய குடும்பங்கள் நம் ஊரில் எத்தனையோ. 1954 நவம்பரில் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் மாறியது. அலுவலகம் மாறியது, மொழி மாறியது, முத்திரை மாறியது. ஓரத்தில் எழுதியது ஓரத்திலேயே இருந்தது. அதைக் காட்டித்தான் பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தா யார் என்று நிரூபித்தார்கள்.

படக் கோப்புக்கும் இப்படி ஓர் ஓரம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. படத்தில் இருப்பவர் பெயர், ஊர், நாள், தேடுவதற்கான சொற்கள், நட்சத்திரம் எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கலாம். செய்தி நிறுவனங்கள் படத்தோடு விவரத்தையும் சேர்த்து அனுப்புவதற்காக முதலில் இதற்கு ஒரு முறை ஏற்படுத்தின. 2001-இல் அடோபி நிறுவனம் எக்ஸ்எம்பி என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. 2012-இல் அது சர்வதேசத் தரமாகவும் ஆயிற்று. அதனால் ஒரு மென்பொருளில் எழுதியதை இன்னொரு மென்பொருளும் படிக்க முடியும். பிரிட்ஜில் ஒரு ஜேபெக் படத்துக்கு விவரமும் தேடுசொல்லும் எழுதினால், அவை அந்தப் படத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு பிரிட்ஜ் என்ற மென்பொருளே இல்லை என்றாலும் எழுதியது இருக்கும். தமிழிலேயே எழுதலாம்.

எல்லாமே ஓரத்தில் போய் உட்காருவதில்லை, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கலெக்‌ஷன் என்று ஒரு வசதி. வெவ்வேறு ஃபோல்டர்களில் உள்ள படங்களை ஒரே பெயரில் கூட்டிக் காட்டும். பார்க்க வசதிதான். ஆனால் அந்தப் பட்டியல் நம் கணினியில் வேறோர் இடத்தில் இருக்கிறது, படங்களுக்குள் இல்லை. படங்களைப் பென்டிரைவில் எடுத்து மகனுக்குக் கொடுத்தால் பட்டியல் கூடப் போகாது. வண்ணச் சீட்டும் அப்படி ஒரு நுணுக்கம் உள்ளது. சிவப்பு என்பது படத்துக்குள் வண்ணமாக எழுதப்படுவதில்லை. அந்தச் சீட்டுக்கு வைத்திருக்கும் பெயர்தான் எழுதப்படுகிறது. பெயரை நீங்கள் மாற்றினால், பழைய படங்களின் சீட்டு வெள்ளையாகத் தெரியும். ஆகவே முக்கியமான செய்தியைக் கலெக்‌ஷனிலோ வண்ணத்திலோ வைக்காதீர்கள். அவை ரேக்கில் ஒட்டிய சீட்டு. ரேக்கை மாற்றினால் சீட்டும் போகும்.

இது வெறும் பயம் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் இலவசப் படச் செயலி ஒன்றை நானும் என் நண்பர்கள் சிலரும் வைத்திருந்தோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. ஆல்பம் ஆல்பமாக அடுக்கி வைத்தோம். ஒருநாள் அந்தச் செயலியை நிறுத்திவிட்டார்கள். கணினி மாற்றியபோது படங்கள் ஒன்றுவிடாமல் வந்துசேர்ந்தன. ஆல்பங்கள் வரவில்லை. "சித்தி கல்யாணம்" என்று இருந்த முந்நூற்றுச் சொச்சம் படங்கள், கேமரா கொடுத்த எண்களோடு மற்றவற்றில் கலந்து கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. அதன் பிறகுதான் ஓரத்தில் எழுதும் வழக்கத்துக்கு வந்தேன்.

மென்பொருளை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் 1980-இல் கார்பன் தாளைக் கட்டிக்கொண்டு அழுதவர்களோடு என்னையும் சேர்க்க வேண்டியதுதான். திரைகள் பெரிதாகிவிட்டன, பழைய எழுத்து அதில் எறும்பு மாதிரி தெரியும். படங்களின் அளவு பெருத்துவிட்டது. பழைய முறையில் திறக்க நேரமாகும். புதிதாக வருகிற இளைஞர்களுக்குக் கைபேசியில் பழகிய தோற்றம்தான் புரிகிறது. மாற்றத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. மாற்றுகிற முறையைப் பற்றித்தான் என் பேச்சு.

முறைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2021 மே மாதம் போட்டோஷாப்பில் ஒரு மாறுதல் வந்தது. அதுவரை "சேவ் ஆஸ்" என்று கொடுத்தால் ஜேபெக் உட்பட எல்லா வகையிலும் சேமிக்கலாம். புதிய பதிப்பில், அடுக்குகள் உள்ள படத்தை ஜேபெக்காகச் சேமிக்க "சேவ் எ காப்பி" என்ற வேறொரு கட்டளைக்குப் போக வேண்டும். அடுக்குகள் தெரியாமல் அழிந்துவிடக் கூடாது என்று பார்த்தால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் இருபது வருடம் பழகிய கைகள் உலகம் முழுவதும் முனகின. சிறிது காலத்திலேயே, பழைய முறை வேண்டுபவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று அமைப்புகளில் ஒரு தேர்வைச் சேர்த்துக் கொடுத்தார்கள். புதியவர்களுக்குப் புதிய வழியும் பழையவர்களுக்குப் பழைய வழியும் திறந்திருப்பதுதான் சரியான ஏற்பாடு. முதல் நாளே கொடுத்தால் இன்னும் நல்லது.

நம் ஊர் வீட்டு வாசல்களைப் பாருங்கள். நகராட்சி கதவு எண்ணை மாற்றியது. தபால்காரருக்காக ஜனங்களே "புதிய எண் 12, பழைய எண் 7" என்று இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரிட்ஜிலும் இப்படி ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நூறு படங்களுக்கு ஒரே வீச்சில் பெயர் மாற்றும்போது, பழைய பெயரைப் படத்தின் உள்விவரத்தில் காப்பாற்றி வை என்று ஒரு சிறு கட்டம் உண்டு. அதை டிக் செய்துவிட்டால் புதிய எண்ணும் பழைய எண்ணும் இரண்டும் இருக்கும். அந்தக் கட்டத்தை யோசித்து வைத்தவர் யாரோ, ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும்.

எந்த நிறுவனமாக இருந்தாலும், அடுக்கும் மென்பொருளை மாற்றி அமைக்கிறவர்களிடம் நான் கேட்பது மூன்று. ஒன்று, என்ன புதிது என்ற பட்டியலோடு, எது எங்கே போயிற்று என்ற பட்டியலும் கொடுங்கள். இரண்டு பக்கம் போதும், அச்சடித்துக்கொள்ளும் வகையில் இருக்கட்டும். இரண்டு, பழைய வழியை ஓராண்டாவது மூடாதீர்கள். மூன்று, நாங்கள் எழுதியது எதையும் உங்கள் பீரோவில் மட்டும் பூட்டி வைக்காதீர்கள்; எங்கள் தாளிலும் எழுதுங்கள்.

இதை எழுதும்போதே என் பேரன் சொல்வது காதில் விழுகிறது. "தாத்தா, இதெல்லாம் எதுக்கு? சர்ச் பண்ணினா வந்துடும். மொகத்த வச்சே கண்டுபிடிச்சிடும்." அவன் சொல்வதில் பாதி சரி. ஒரே முகம் உள்ள படங்களை இன்றைய மென்பொருள் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுகிறது. சேர்த்துக் காட்டிவிட்டு, "இவர் யார்?" என்று நம்மிடம்தான் கேட்கிறது. 1958-இல் எடுத்த கல்யாணப் படத்தில், பின் வரிசையில், தூண் ஓரமாக நிற்கும் பெண்ணின் பெயரை அது எங்கே போய்த் தேடும்? இந்தோசீனாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த சொல்தா யாருடைய அண்ணன் என்று அதற்கு யார் சொல்வார்கள்?

நம் கவலை உண்மையில் இங்கேதான் இருக்கிறது. பொத்தான் இடம் மாறினால் இளைஞன் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிப்பான். எழுபது வயதுக்காரர் இரண்டு நாள் பார்ப்பார், பிறகு "நமக்கு இது சரிப்படாது" என்று கணினியை மூடிவிடுவார். என் நண்பர்களில் மூன்று பேர் அப்படி மூடிவிட்டார்கள். போனது அவர்களுடைய பொழுதுபோக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. படத்தில் இருப்பவர் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். கணினி தெரிந்தவனுக்குப் பெயர் தெரியாது. பெயர் தெரிந்தவரைக் கணினி வெளியே அனுப்பிவிட்டது. பெயர் இல்லாத படம் இன்னும் இருபது வருடத்தில் யாரோ ஒருவருடைய படம் ஆகிவிடும். அடுத்து வீடு மாற்றும்போது பழைய காகிதத்தோடு போகும்.

ஆகவே நண்பர்களே, மென்பொருள்காரர்கள் சார்ஜ் லிஸ்ட் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நாமே எழுதத் தொடங்குவோம். பிரிட்ஜ் மென்பொருளுக்குத் தனியாகக் கட்டணம் இல்லை. கணக்கு ஒன்று தொடங்கி இறக்கிக்கொள்ளலாம். அதுதான் வேண்டும் என்றும் இல்லை, படத்துக்குள் விவரம் எழுதும் எந்த மென்பொருளும் போதும். படத்தின் பெயரை ஆண்டிலிருந்து தொடங்குங்கள்: 1974, அடுத்து மாதம், அடுத்து நிகழ்ச்சி, அடுத்து வரிசை எண். இப்படி வைத்தால் எந்தக் கணினியிலும் காலவரிசையில் தானாக நிற்கும். விவரப் பகுதியில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். பெயரோடு உறவையும் எழுதுங்கள். "பெரியம்மா" என்று மட்டும் எழுதினால் யாருக்குப் பெரியம்மா என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு செய்திதான். பின்னால் வருகிறவர் தேடாமல் இருக்க மாட்டார்.

இன்னொரு எச்சரிக்கை. இப்படி எழுதிய படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால், உள்ளே எழுதியது உதிர்ந்துவிடும். ஆவணமாக, அதாவது டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். அல்லது பென்டிரைவில் கொடுங்கள். இரண்டு படியாக இரண்டு வீட்டில் இருக்கட்டும். பதிவேட்டுக்கு மூன்று படி எழுதிய ஊர் இது, நமக்கு இரண்டு படி பெரிய பாரம் இல்லை.

மொத்தத்தையும் நினைத்து மலைக்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துப் படம் எழுதினால் ஆண்டுக்கு 3,650. கணினி கைவராதவர்கள், பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வைத்துப் பெயர்களைச் சொல்லுங்கள், பிள்ளைகள் தட்டட்டும். பொத்தான் எங்கே என்று பார்ப்பது அவர்கள் வேலை. தூண் ஓரம் நிற்பது யார் என்று சொல்வது நம் வேலை. அடுத்த பதிப்பு வந்து முகப்பு மறுபடி மாறும். மாறட்டும். அதற்குள் எத்தனை படங்களின் ஓரத்தில் பெயர் எழுதி முடித்தோம் என்பதைப் பார்ப்போம்.